வடிவு செத்த வாரம்

துர்கா செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெரும்பாறையில் அது இன்னும் யாருக்கும் தெரியாது.

சென்னைக்கு வெளியே ஒரு பங்களாவில், ஆஸ்பத்திரி மாதிரி ஜோடித்த அறையில், பச்சைத் துணி போர்த்திப் படுக்க வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவளைச் சாகடித்துவிட்டார்கள். ‘நெல்லி மரத்து வீடு’ தொடரில் மூன்று வருஷமாக அவள்தான் வடிவு, வீட்டுக்கு மூத்த மருமகள். கடைசிக் காட்சி முடிந்ததும் டைரக்டர் கைகுலுக்கினார். கேக் வெட்டினார்கள். “அடுத்த பிராஜெக்ட்ல கூப்பிடுறோம் மேடம்” என்றார் மேனேஜர். அப்புறம் போன் வரவில்லை.

எடுத்ததை உடனே காட்டிவிட மாட்டார்கள். அந்தக் கம்பெனியில் ஒரு மாதத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் துர்கா சாலிகிராமத்தில் பாயில் படுத்துக் கிடந்தாள். வடிவு மட்டும் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்து அழுதுவிட்டுப் போனாள். வடிவு சாக வேண்டிய வாரம் வந்தபோதுதான், அக்காள் மகள் தமிழ்மதியிடமிருந்து போன் வந்தது.

“சித்தி, அம்மாவ வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னுட்டாங்க. ஒங்களக் கூப்பிடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு. நான் தெரியாமப் பேசுறேன். லீவு கெடச்சா வாங்க.”

“எங்கருந்து கூட்டியாந்தீங்க? அக்காவுக்கு என்னடி?”

மதுரையில் வயிற்றைத் திறந்து பார்த்து, புற்று பரவிக் கிடக்கிறது என்று அப்படியே தைத்துவிட்ட கதை அப்போதுதான் துர்காவுக்குத் தெரிந்தது.

வத்தலக்குண்டில் தாண்டிக்குடி பஸ் ஏறினாள். மாஸ்க் போட்டிருந்தாள். ஐயம்பாளையம் தாண்டி மலை ஏறியதும் வளைவுகளில் குமட்டியது, மாஸ்க்கை இறக்கினாள். கருவாட்டுப் பையை மடியில் வைத்திருந்த பக்கத்து சீட்டுக்காரி அப்படியே அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏத்தா, நீ வடிவுதான?”

துர்கா தலையாட்டினாள்.

“அந்த ரெண்டாவது மருமக இருக்காளே, தளுக்குக்காரி, அவ பத்திரத்த நீட்டுனா கையெழுத்துப் போட்டுராத தாயி. போட்டின்னா ஒன்னையக் கொன்னுபோடுவா.”

“போட மாட்டேன்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

போட்டாயிற்று, கொன்றும் ஆயிற்று. அந்த அம்மாள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இறங்கும்போது ஆரஞ்சுப் பழம் இரண்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

தை மாதம். பழம் எடுப்பு முடிகிற நேரம். காப்பித் தோட்டத்தில் உச்சிக் கிளைகளில் மட்டும் சிவப்பு மிச்சமிருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மஞ்சு வெள்ளையாகப் புகைந்து இறங்கி, ரோட்டுக்கு வந்து, திரும்ப மேலேறிப் போனது. காப்பித் தொலி அழுகிய புளித்த வாடை வழி நெடுக இருந்தது. வருஷா வருஷம் நாலு பேர் நடுவில் சேலை மினுங்க வந்து இறங்குகிறவள், இந்தத் தடவை பையைத் தானே தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

வீட்டு ஓட்டின் மேல் அக்காள் புருஷன் அய்யனார் நின்றிருந்தார். மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியைச் சுவரில் சாத்தி, மேலே ஏறி டிஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வா தாயி. மஞ்சு அடைச்சா படம் வர மாட்டேங்குது. சாயந்தரம் ஒங்கக்கா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவா” என்றார். நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவளிடம் பேசுகிற மாதிரி சொன்னார். இறங்கி வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

உள்ளே கட்டிலில் சேலை ஒன்று கிடக்கிறது என்றுதான் துர்கா முதலில் நினைத்தாள். சேலைக்குள் அக்காள் மாயக்காள் இருந்தாள். ஒரு மூட்டைப் பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு ஏறுகிற மாயக்காள்.

“யாரு... துர்காவா? லீவு குடுத்துட்டானுகளா?”

“குடுத்துட்டாங்கக்கா.”

“நேத்துகூட மாமியாக்காரிகூட மல்லுக்கு நின்னியே. தொண்ட கட்டிப்போயிருந்துச்சே. சுக்குத்தண்ணி குடிச்சியா?”

அந்தத் தொண்டைக்கட்டு கார்த்திகையில் வந்தது. துர்கா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அக்காளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பே இல்லை.

“ஏங்க்கா எனக்குச் சொல்லல?”

“எப்புடிச் சொல்ல? அந்த வார்டுல டிவி இருந்துச்சு. ஆறரையானா ஒன்னையப் பாப்பேன். எனக்கு வயித்தக் கிழிச்ச அன்னிக்கு நீ கோயில்ல தீச்சட்டி எடுக்குற. மறுநா போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற. ஒரு நா விடாம சோலி. ஒம்மாமா போனத் தூக்குனாரு. ஏங்க, புள்ள வேலயில நிக்கிறது கண்ணு தெரியலையான்னு புடுங்கி வச்சுட்டேன். கதையில ஒன்னைய எங்கிட்டாச்சும் ஊருக்கு அனுப்புவாங்க, அந்நேரம் கூப்பிடலாம்னு பாத்தேன். பாவி மக்க அனுப்பவே இல்ல.”

பேசியதில் மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திச் சிரித்தாள்.

“பக்கத்துப் படுக்கைக்காரி நம்பலடி. ஒந்தங்கச்சின்னா ஏன் பாக்க வரலங்குறா. அடியே, நல்லாப் பாரு, இந்நேரம் அங்கன நிக்கிறாளே, இங்கன எப்புடி வருவான்னேன். வாய மூடிக்கிட்டா.”

அய்யனாரும் சிரித்தார். துர்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்துத் துழாவினாள், துழாவிக்கொண்டே நின்றாள்.

அக்காள் வயிற்றைக் கிழித்த அன்றைக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். மேனேஜர் கூப்பிடுவார் என்று குளிக்கப் போகும்போதுகூட போனைக் கையோடு கொண்டுபோனாள். அந்த மாதத்தில் ஒரே ஒரு முறை ஊருக்குப் பேசினாள். மாயக்காள்தான் எடுத்தாள். “சந்தைக்கு வந்திருக்கேன்டி, ஒரே சத்தமா இருக்கு. ஒனக்குச் சோலி இல்லையா?” என்றாள். “ஷாட் ரெடின்னு கூப்பிடுறாங்கக்கா, வச்சிர்றேன்” என்று துர்கா வைத்துவிட்டாள். வேலை போனது தெரிந்தால் அக்காள் உடைந்துபோவாள் என்று பயம். சந்தை இல்லை, அது ஆஸ்பத்திரி வராந்தா என்று இப்போதுதான் புரிந்தது.

அம்மா போனபோது துர்காவுக்கு நினைவு தெரியாத வயசு. மாயக்காள் இடுப்பில் அவளைத் தூக்கிக்கொண்டே பழம் பறித்தவள். பின்னால் தோட்டத்தில் ஒரு சீரியல் கம்பெனி வந்து பாட்டு எடுத்தபோது, பழம் பறிக்கிற கூட்டத்தில் நின்ற துர்காவைப் பிடித்துப்போய் மெட்ராஸுக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். ஊரே வேண்டாம் என்றது. மாயக்காள் புருஷனிடம் சொல்லிவிட்டுத் தங்கையோடு தானும் பஸ் ஏறினாள். வடபழனியில் ஒற்றை அறையில் ஒரு வருஷம் பொங்கிப் போட்டாள். ஆபீஸ் ஆபீஸாகக் கூடவே போய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன தங்கை வெளியே வர நேரமானால் கதவைத் தட்டிவிடுவாள். “அந்தம்மா யாருங்க, ஒங்க மேனேஜரா?” என்று கேட்டவர்கள் உண்டு.

தோழி வேஷம், தங்கச்சி வேஷம், ஒரே ஒரு தொடரில் நாலு வருஷம் கதாநாயகி. பிறகு நாத்தனார், வில்லி. முப்பத்தைந்து வயதில் கல்லூரிக்குப் போகிற பையனுக்கு அம்மா. நடுவில் கூட நடித்த கோகுல்ராஜைக் கட்டினாள். அவனுக்கு வாய்ப்பு வராத வருஷம் அவளுக்கு மூன்று தொடர் ஓடியது. வீட்டுக்கு வருவது தூங்கத்தான். கரு தங்கியபோது கதாநாயகி ஒப்பந்தத்தில் இருந்தாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், அவளும் சரி என்றாள். அப்புறம் வரவில்லை. கோகுல்ராஜ் குடும்பக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பூஜை நிகழ்ச்சியில் சுமங்கலிகளுக்கு மஞ்சள் கயிறு கொடுத்துச் சிரித்தாள். இவ்வளவுக்கும் ஒரு தைரியம் இருந்தது. எல்லாம் போனாலும் பெரும்பாறையில் ஒருத்தி இருக்கிறாள், கதவைத் தட்டுகிறவள்.

மறுநாள் வெள்ளனே தமிழ்மதி களத்தில் காப்பிப் பழத்தைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் வேலை. லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். துர்கா சுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. போனை நீட்டினாள்.

“என்ன சித்தி இது?”

வடிவு ரத்தத்தோடு கிடந்தாள். மேலே பெரிய எழுத்தில், ‘வடிவின் முடிவு – இன்று மாலை’.

“புரோமோ விட்டுட்டாங்களா?”

“எப்ப எடுத்தது இத?”

துர்கா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“போன வருஷம் எங்க கடைக்கு முன்னாடி ஒரு சூட்டிங் யூனிட் வந்துச்சு. மார்கழி பொறக்கும் முன்னாடியே பொங்கப்பான வச்சு எடுத்தாங்க. ஏன் இப்பவேன்னு கேட்டேன், ஸ்டாக்குன்னாங்க. அப்ப எனக்கு மண்டையில ஏறல. நேத்து ஒங்க தலையப் பாத்தேன். டை அடிச்சு நாளாச்சு. டிவியில கருகருன்னு இருக்கு. எப்ப எடுத்தது சித்தி?”

“மார்கழி ஆரம்பத்துல.”

“அதுக்கப்பறம்?”

“சும்மாத்தான் இருந்தேன்.”

தமிழ்மதி நின்றுவிட்டாள். கிளறிய பழத்துக்கு நடுவே இரண்டு கால் தடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப, துர்கா வந்தா என் நகத்த வெட்டச் சொல்லுன்னுச்சு. வேற யாரு வெட்டுனாலும் வலிக்குமாம். நானும் அப்பனும் வராண்டாவுல கெடந்தோம். வார்டு டிவியில நீங்க தீச்சட்டியத் தூக்கிட்டு நிக்கிறீங்க. பாவம், சித்தி எவ்வளவு கஷ்டப்படுதுன்னு நான் அழுதேன். அன்னிக்கு நீங்க வீட்டுல சும்மா இருந்தீங்க?”

“யாரும் கூப்பிடலையேடி...”

“நீங்க ஏன் கூப்பிடல? சோலி போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதுவே ஒங்கள வாடின்னு கூப்பிட்டிருக்கும்.”

“மானம் போயிரும்னு நெனச்சேன்.”

“எங்ககிட்டயா?”

துர்கா களத்து விளிம்பில் உட்கார்ந்தாள். “இன்னிக்கு அக்காகிட்டச் சொல்லிர்றேன்.”

“சொல்லாதீங்க.” தமிழ்மதியின் குரல் உயர்ந்தது. “தங்கச்சி வேலயில இருக்கா, அதான் வரலன்னு ஒண்ணப் புடிச்சுக்கிட்டுத்தான் அது அத்தன வலியவும் தாங்குச்சு. அதப் புடுங்கிட்டா கையில என்ன இருக்கும்? இது ஒங்களுக்காக இல்ல, அம்மாவுக்காகச் சொல்றேன்.”

சாயங்காலம் மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆறரை ஆனபோது டிவியில் கட்டம் கட்டமாகப் படம் உடைந்து, நின்றுபோனது. துர்காவுக்கு மூச்சு வந்தது.

“ஏங்க, ஏறுங்களேன்” என்றாள் மாயக்காள்.

“இந்த ஈரத்துலயா மாமா? வேணாம். நாந்தான் இங்கயே இருக்கேனே, என்னையப் பாருக்கா.”

“ஒன்னையத்தான் எப்பவும் பாக்குறேனே. வடிவு கையெழுத்துப் போட்டாளா இல்லையான்னு பாக்கணும்ல.”

அய்யனார் ஏற்கெனவே ஏணியில் இருந்தார். ஓட்டின் மேல் நடக்கும் சத்தம் கேட்டது. “வந்துருச்சா?” என்று மஞ்சுக்குள்ளிருந்து கேட்டார்.

“நீ சொல்லுடி, எனக்குச் சத்தம் வராது” என்றாள் மாயக்காள்.

படம் வந்துவிட்டது. வடிவு பச்சைத் துணிக்கடியில் கிடந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் வழுக்குகிற ஓட்டில் இன்னும் நடப்பார்.

“வந்துருச்சு மாமா. எறங்குங்க.”

வடிவு விளம்பர இடைவெளிகளோடு நிதானமாகச் செத்தாள். மாமியார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். மகனின் கையைத் தளுக்குக்காரியிடமே பிடித்துக் கொடுத்தாள். கண்ணை மூடினாள். மாயக்காள் இமைக்காமல் பார்த்தாள்.

“நல்லாத்தான் சாகுற” என்றாள் கடைசியில். “எனக்குப் பழக்கிக் குடுக்குறியாக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அப்ப நாளைக்கு ஒனக்குச் சோலி இல்லையா?”

“இல்லக்கா.”

“நாளான்னைக்கு?”

“இல்ல.”

மாயக்காள் யோசித்தாள். பிறகு மெல்ல, குறை சொல்கிற மாதிரி இல்லாமல், சந்தையில் மலிவாகக் கிடைத்த சாமானைத் தவறவிட்டவள் சொல்வது போலச் சொன்னாள்:

“இத ஒரு மாசம் முந்திச் செத்திருக்கக் கூடாதாடி? ஆஸ்பத்திரியில எங்கூட இருந்திருப்பியே.”

துர்கா வாயைத் திறந்தாள். வாசற்படியில் நின்ற தமிழ்மதி முந்திக்கொண்டாள்.

“முந்தாநேத்துத்தாம்மா எடுத்தாங்களாம். முடிஞ்ச கையோட சித்தி பஸ் ஏறிருச்சு.”

“மேக்கப்பக் கலைச்ச ஒடனேயா?”

“ஆமாம்மா.”

“அதான பாத்தேன். வெரசாத்தான் வந்திருக்கா.” தங்கையின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். துர்கா தமிழ்மதியைப் பார்த்தாள். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மாயக்காளுக்குச் சொல்ல ஒரு சேதி கிடைத்துவிட்டது. ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்க வந்த கடைக்காரர் சாகுல் ஹமீதிடம் சொன்னாள்: “பாய், இவ சோலி முடிஞ்ச கையோட ஓடியாந்துட்டா. ஒரு வாய் தண்ணி குடிக்கல.”

“தங்கச்சின்னா அப்படில்ல இருக்கணும். எனக்கும் ஒரு தங்கச்சி இருக்காளே மஹ்ஜபின், திண்டுக்கல்லுல இருந்து வாரதுக்கு மாப்பிள்ளகிட்ட மனு எழுதணும்” என்றார் பாய். “நீ நல்லா இருக்கணும்மா.”

பழம் எடுப்புக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். அவர்களிடம் சொன்னாள். ஊசி போட வந்த நர்சிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் துர்கா காப்பித் தம்ளர்களோடு நின்று கேட்டாள். ஒவ்வொருவரும் அவளைப் புகழ்ந்தார்கள். தமிழ்மதி அந்த நேரங்களில் களத்துக்குப் போய்விடுவாள். அவள் சித்தியோடு பேசுவதே இல்லை. மருந்து கொடு, பிடி, திருப்பு, அவ்வளவுதான். துர்கா அக்காளுக்கு நகம் வெட்டினாள். கஞ்சித் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். குரல் போன பிறகும், யாராவது உள்ளே வந்தால் மாயக்காள் விரலைத் தூக்கித் தங்கையைக் காட்டுவாள். என்ன சொல்கிறாள் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறிக் களத்தில் பழம் காயத் தொடங்கியபோது, மாயக்காள் போய்விட்டாள்.

தோட்டத்துப் பெண்கள் வேலையை விட்டு வந்து வாசலில் வட்டம் கட்டினார்கள். தோளோடு தோள் கோத்து, தலையோடு தலை சேர்த்து. துர்காவை இழுத்து உள்ளே நிறுத்தினார்கள். மாயக்காளோடு எதிர் எதிர் வரிசையில் பழம் பறித்த பாண்டிச்செல்விதான் ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள்.

“காப்பிப்பழம் செவந்திருக்கே – எங் கண்ணே
கையெடுக்க ஆளில்லையே...
சோலி முடிஞ்ச கையோட – ஒனக்கு
சொந்தம் ஓடி வந்ததே...
தண்ணி தவிப்பு பாக்காம – ஒந்
தங்கச்சி ஓடி வந்தாளே...”

பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். தங்கச்சி ஓடி வந்தாளே. துர்காவின் தலைக்குள் அது இடித்தது. மூன்று வருஷம் தினமும் அழுதிருக்கிறாள். யாரோ எழுதிக் கொடுத்த வார்த்தை இருக்கும். இப்போது பாண்டிச்செல்வி நிறுத்திவிட்டு அவளுக்கு இடம் விட்டாள். கூடப் பிறந்தவள் சொல்ல வேண்டிய முறை. வட்டம் காத்திருந்தது.

துர்கா சொன்னாள். ராகம் வரவில்லை, பிறகு வந்தது.

“சும்மாத்தானே இருந்தேனக்கா – நான்
சோலியத்துக் கெடந்தேனக்கா...
ஒன்ன வெட்டிக் கிழிக்கையில – நான்
ஒரு பாயில் படுத்தேனக்கா...
கூப்பிடாமப் போனியேக்கா – நானும்
கூப்பிடாம இருந்தேனக்கா...”

ஒப்பாரியில் எந்தத் தங்கச்சியும் தன்னைத் தாழ்த்திச் சொல்கிற சொல்தான் என்று பெண்கள் நினைத்தார்கள். “சும்மாத்தானே இருந்தேனக்கா” என்று எல்லாரும் சேர்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, திருப்பிச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏணியருகே குந்தியிருந்த அய்யனாருக்கும் புரியவில்லை.

சுவரோரம் உலர்ந்த கண்ணோடு நின்றிருந்த தமிழ்மதி வந்தாள். இரண்டு பேரை விலக்கி வட்டத்துக்குள் நுழைந்து, துர்காவின் கழுத்தில் கை போட்டாள். நகம் பதிகிற பிடி. தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு, காதருகே சொன்னாள்:

“இன்னொருக்காச் சொல்லுங்க சித்தி.”

துர்கா சொன்னாள்.